பேச்சுக்கு முந்தும் சைகை: கைக்குழந்தைக்குச் சைகை மொழி கற்பிப்பது யாருக்கு வசதி, யாருக்குத் தேவை?

ஹைதராபாத்: "பால்" என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத பத்து மாதக் குழந்தை, கையசைவால் பால் கேட்க முடியுமா? முடியும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அவ்வாறு கற்பிப்பதால் குழந்தை விரைவில் பேசுமா, அறிவுத்திறன் கூடுமா என்ற கேள்விகளில் விளம்பரங்கள் ஒன்றைச் சொல்கின்றன. ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்குச் சைகை ஒரு கூடுதல் வசதி. காது கேளாமல் பிறந்த குழந்தைக்கோ அதுவே முதல் மொழியாக அமையக்கூடும். தங்கள் குழந்தை இந்த இரு பிரிவுகளில் எதைச் சேர்ந்தது என்பதை அறியாமலேயே பல குடும்பங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கடத்திவிடுகின்றன. கவலைக்குரியது அதுதான்.

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளி போன்ற பகுதிகளில் இந்தக் கேள்வி கூடுதல் பொருள் பெறுகிறது. கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இப்பகுதியில், ஒரு குழந்தையின் காதில் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், கடைவீதியில் உருது கலந்த இந்தியும், சற்று வளர்ந்ததும் ஆங்கிலமும் விழுகின்றன. பேச்சு தாமதமானால், "நாலு மொழி கேட்டுக் குழம்புகிறது" என்ற விளக்கம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அதே செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரில், செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் சேவை வழங்கும் மத்திய அரசு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன.

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

கேட்கும் திறனுள்ள குழந்தைகளுக்குச் சைகை கற்பிக்கும் முறை, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர்களான லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து பரவலானது. 1980-களின் தொடக்கத்தில், அக்ரெடோலோவின் ஒரு வயது மகள், பூவைக் கண்டதும் முகர்வது போல மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். பூ என்ற சொல் அவளிடம் இல்லை. பூ என்ற கருத்து இருந்தது. அதற்கு அவளாகவே ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொண்டாள். இதைக் கவனித்த இருவரும் மற்றக் குழந்தைகளிடமும் இத்தகைய குறிகளைத் தேடினர். 1996-இல் இவர்கள் எழுதிய 'பேபி சைன்ஸ்' என்ற நூல் வெளியானது.

பின்னர், காது கேளாதோரின் அமெரிக்க சைகை மொழியிலிருந்து சொற்களை எடுத்துக் கற்பிக்கும் முறையை ஜோசப் கார்சியா பிரபலப்படுத்தினார். 2004-இல் வெளியான 'மீட் தி ஃபாக்கர்ஸ்' என்ற ஹாலிவுட் திரைப்படத்தில் சைகை செய்யும் குழந்தை ஒரு கதாபாத்திரமாகவே இடம்பெற்றது. மேலை நாடுகளில் தொடங்கிய வகுப்புகள், அட்டைகள், காணொளிகள் ஆகியவை பின்னர் கைப்பேசி வழியாக இந்தியப் பெற்றோரையும் வந்தடைந்தன.

கை ஏன் நாவை முந்துகிறது?

ஒரு சொல்லைத் தெளிவாக ஒலிக்க, மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு, தாடை ஆகியவை நொடிப்பொழுதில் ஒருங்கிணைய வேண்டும். கையை விரிப்பது, மூடுவது, நீட்டுவது போன்ற அசைவுகளுக்கு அத்தனை நுட்பம் தேவையில்லை. தன் கையைக் குழந்தையே பார்த்துத் திருத்திக்கொள்ளவும் முடியும். நாக்கை அவ்வாறு பார்க்க இயலாது.

தமிழ் மரபு இதை வேறு வடிவில் கவனித்து வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் இரு கைகளையும் சேர்த்துத் தட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதத்துக்கு உரியதாக வைக்கப்படுகிறது. நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலிப் பருவம் ஓராண்டைக் கடந்த பின் வருகிறது. ஒரு பொருளைக் குழந்தையும் பெரியவரும் சேர்ந்து நோக்கும் நிலையை இன்றைய உளவியல் 'கூட்டுக் கவனம்' என்று அழைக்கிறது. மொழி கற்றலின் அடித்தளங்களுள் ஒன்றாகவும் அதைக் கருதுகிறது. தொலைவில் உள்ள நிலவை விரல் நீட்டிக் காட்டி, குழந்தையின் பார்வை அங்கே செல்வதற்காகக் காத்திருக்கும் தாய் செய்வதும் அதுதான்.

குழந்தைகள் பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குகின்றன. ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் முதலில் சைகையால் குறித்த பொருள்களின் பெயர்களே பின்னர் அவர்களின் பேச்சில் இடம்பெற்றதைக் கண்டனர். நாற்காலியைச் சுட்டிக்கொண்டே "அம்மா" என்று சொல்வது போல, சைகையையும் சொல்லையும் இணைக்கத் தொடங்கிய குழந்தைகள், அதன் பிறகே இரு சொற்களை இணைத்துப் பேசினர். 2009-இல் மெரிடித் ரோவும் கோல்டின்-மெடோவும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, 14 மாதத்தில் குழந்தை காட்டும் சைகைகளின் வகைகளுக்கும் நான்கரை வயதில் அதற்கு இருக்கும் சொல்வளத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

இவை அனைத்தும் டாட்டா காட்டுவது, கும்பிடுவது, வேண்டாம் என்று தலையசைப்பது, கைநீட்டிக் கேட்பது போன்ற இயல்பான சைகைகளைப் பற்றிய முடிவுகள். கட்டணம் செலுத்திக் கற்கும் தனிப் பயிற்சியின் பலனாக இவற்றைக் கொள்வதற்கில்லை.

விரைவில் பேச வைக்குமா?

அக்ரெடோலோ, குட்வின் குழுவினர் 103 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. 11 மாதம் முதல் சைகை கற்பிக்கப்பட்ட குழந்தைகள், இரண்டு வயது வாக்கில் மொழித்திறன் சோதனைகளில் சற்று முன்னணியில் இருந்தனர். மூன்று வயதை நெருங்கியபோது அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. முந்திப் பேசிய குழந்தையை மற்றக் குழந்தைகள் எட்டிப் பிடித்துவிட்டனர் என்பதே இதன் பொருள்.

2005-இல் கனடா ஆய்வாளர்கள், அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டனர். பெரும்பாலான ஆய்வுகள் நன்மை இருப்பதாகக் கூறியபோதிலும், அவற்றின் வழிமுறைகளில் உள்ள குறைகளால் உறுதியான முடிவுக்கு வர இயலாது என்பது அவர்களது கணிப்பாக இருந்தது.

2013-இல் பிரிட்டனின் ஹெர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் கிர்க் குழுவினர், 40 குழந்தைகளை எட்டு மாதம் முதல் இருபது மாதம் வரை தொடர்ந்து கவனித்தனர். சைகை கற்பிக்கப்பட்ட குழந்தைகளின் பேச்சு வளர்ச்சிக்கும் மற்றவர்களின் வளர்ச்சிக்கும் இடையே ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தாய்மார்களிடம் ஒரு மாற்றம் தென்பட்டது. சைகை கற்பித்த தாய்மார்கள், குழந்தையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைக் கூடுதலாகக் கவனித்து, அதற்கேற்பப் பதிலளித்தனர்.

எனவே, "சைகை கற்பித்தால் அறிவுத்திறன் உயரும்" என்று கூறி விற்கப்படும் பயிற்சிகளுக்கு வலுவான ஆதாரம் இல்லை. குழந்தையின் முகத்தையும் கையையும் பார்த்துப் பேசும் பழக்கம் பெற்றோருக்கு வருகிறது என்பதும், அழுகைக்குக் காரணம் புரியாமல் தவிக்கும் தருணங்கள் குறையக்கூடும் என்பதுமே எதிர்பார்க்கத்தக்க நன்மைகள்.

பேச்சைத் தாமதப்படுத்துமா?

சைகைக்குப் பழகிய குழந்தை பேச மறுக்கும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. மேற்கண்ட ஆய்வுகளில் சைகை கற்ற குழந்தைகள் பேச்சில் பின்தங்கியதற்குச் சான்று இல்லை. நடக்கும் முன் தவழும் குழந்தை, தவழ்ந்ததால் நடக்காமல் இருந்துவிடுவதில்லை. சைகையும் அவ்வாறே பேச்சு வந்ததும் தானாக விலகிக்கொள்கிறது.

காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, காது கேட்கும் குழந்தைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெற்றோரிடமிருந்து சைகை மொழியையும், தாத்தா, பாட்டி, அண்டை வீட்டாரிடமிருந்து பேச்சு மொழியையும் ஒருசேரக் கற்று இவர்கள் இருமொழியாளர்களாக வளர்கின்றனர்.

மாரெட்பள்ளியில் வளரும் குழந்தைக்கும் இது பொருந்தும். பல மொழிகளைக் கேட்டு வளர்வது ஒரு குழந்தையைப் பேசாமல் ஆக்கிவிடாது. ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்களின் எண்ணிக்கை தனித்தனியே குறைவாகத் தோன்றலாம். எல்லா மொழிகளையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வயதுக்கேற்ற அளவிலேயே இருக்கும். ஆகவே, ஒன்றரை வயதிலும் எந்த மொழியிலும் ஒரு சொல்லும் வராத குழந்தைக்கு, "வீட்டில் பல மொழி" என்பது போதிய விளக்கமாகாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதுதான்.

சைகை தேவையாக மாறும் இடம்

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஒருவர் முதல் மூவர் வரை குறிப்பிடத்தக்க செவித்திறன் குறைபாட்டுடன் பிறக்கக்கூடும் என்பது உலகளவில் பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. குறைமாதப் பிறப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருத்தல், கடுமையான மஞ்சள் காமாலை, கர்ப்ப காலத்தில் தாய்க்கு ஏற்பட்ட ரூபெல்லா போன்ற தொற்று, மூளைக்காய்ச்சல், குடும்பத்தில் பரம்பரைக் காது கேளாமை ஆகியவை இந்த வாய்ப்பை அதிகரிக்கின்றன. தென் மாநிலங்களில் தொடரும் நெருங்கிய உறவுத் திருமணங்களும் பரம்பரைக் குறைபாட்டுக்கான காரணங்களுள் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உடையோர் சுமார் 50.7 லட்சம் பேர்.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர், காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்று அமெரிக்கத் தரவுகள் காட்டுகின்றன. அந்த வீட்டில் பேசப்படும் மொழி குழந்தைக்கு எட்டுவதில்லை. எட்டக்கூடிய சைகை மொழியோ வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் எந்த மொழியும் இன்றிக் கழிந்தால், பிற்காலத்தில் எந்த மொழியையும் முழுமையாகக் கற்பது கடினமாகிறது. இதை ஆய்வாளர்கள் 'மொழி இழப்பு' என்று குறிப்பிடுகின்றனர். எழுத்தறிவு, சிந்தனை, பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றையும் அது பாதிக்கிறது.

காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகளுக்கு இந்த இழப்பு நேர்வதில்லை. பிறந்த நாள் முதல் அவர்கள் சைகை மொழியைப் பார்க்கின்றனர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா-ஆன் பெட்டிட்டோ, பவுலா மாரென்டெட் ஆகியோர் 1991-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய குழந்தைகள் கைகளால் மழலை பேசுவதைக் காட்டியது. மற்றக் குழந்தைகள் "பாபா", "தாதா" என்று அசைகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அதே பருவத்தில், இவர்கள் சைகை மொழியின் உறுப்புகளைக் கைகளால் திரும்பத் திரும்பச் செய்தனர். குழந்தையின் மூளை மொழியைத் தேடுகிறது. அது காது வழியாக வருகிறதா, கண் வழியாக வருகிறதா என்பது இரண்டாம் நிலையே என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

பெற்றோர் இருவரும் காது கேட்பவர்களாக இருந்தாலும் வாய்ப்பு அடைந்துவிடவில்லை. நவோமி கேசெல்லி, ஜென்னி பயர்ஸ், ஏமி லீபர்மேன் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குள் அமெரிக்க சைகை மொழியைப் பார்க்கத் தொடங்கிய காது கேளாத குழந்தைகள், பெற்றோர் காது கேட்பவர்களாக இருந்தபோதிலும், வயதுக்கேற்ற சொல்வளம் பெற்றனர். சைகையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் பெற்றோராலும் குழந்தைக்கு ஒரு மொழியைத் தர முடியும் என்பதை இது உணர்த்துகிறது.

ஏமாற்றும் மழலை

காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் அழும், சிரிக்கும், "ஆ", "ஊ" என்று ஒலி எழுப்பும். ஆறு மாதத்துக்குப் பின் அசைகள் கோத்த மழலையாக அது வளர வேண்டிய கட்டத்தில்தான் தாமதம் தெரிகிறது. அதற்குள், "குழந்தை சத்தம் போடுகிறது, குறை ஒன்றும் இல்லை" என்ற நம்பிக்கை வீட்டில் உறுதியாகிவிடுகிறது.

தட்டைத் தட்டிப் பார்ப்பதும், பின்னால் நின்று கை தட்டுவதும் நம்பத்தக்க சோதனைகள் ஆகா. அதிர்வு, காற்றசைவு, நிழல் ஆகியவற்றை உணர்ந்தும் குழந்தை திரும்பும். பலத்த ஒலி மட்டும் கேட்டு, பேச்சின் நுண்ணொலிகள் கேளாத குழந்தையும் இச்சோதனையில் தேறிவிடும். "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்" என்ற பாட்டியின் ஆறுதலும், நாவில் வசம்பு தேய்ப்பதும், கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொள்வதும் அன்பின் வெளிப்பாடுகளே. எனினும், இவற்றில் எதுவும் செவித்திறனை அளப்பதில்லை. காத்திருக்கும் மாதங்கள் மட்டும் கூடுகின்றன.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பொதுவான அளவுகோல்கள் வருமாறு: மூன்று மாதத்துக்குள் பலத்த ஒலிக்குத் திடுக்கிடுதல் அல்லது அமைதியாதல், ஆறு மாத அளவில் ஒலி வரும் திசையை நோக்கித் திரும்புதல், பத்து மாதத்துக்குள் அசைகளை அடுக்கி மழலை பேசுதல், ஓராண்டில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புதல், இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்தல். ஓராண்டு ஆன பின்னும் விரல் நீட்டிச் சுட்டாமல் இருப்பதும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய ஒன்று. பேச்சுத் தாமதத்துக்கு ஆட்டிசம் உள்ளிட்ட வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியவும் செவிப் பரிசோதனையே முதற்படியாகும்.

பரிசோதனையில் என்ன நடக்கிறது?

முதற்கட்டச் சோதனையில், சிறிய கருவி ஒன்றைக் குழந்தையின் காதுத் துளையில் வைத்து மெல்லிய ஒலி செலுத்தப்படுகிறது. உட்காது அதற்கு எழுப்பும் எதிரொலி பதிவாகிறதா என்று பார்க்கப்படுகிறது. 'ஓ.ஏ.இ.' எனப்படும் இச்சோதனையில் வலி இல்லை. குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'பெரா' எனப்படும் அடுத்த சோதனையில், தலையில் ஒட்டப்படும் மின்முனைகள் வழியாக, ஒலி செவி நரம்பில் மூளைத்தண்டு வரை செல்வது அளக்கப்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு இரண்டாம் வகைச் சோதனை அவசியமாகக் கருதப்படுகிறது.

முதல் சோதனையில் தேறாத குழந்தைக்குக் காது கேளாது என்று முடிவு கட்டத் தேவையில்லை. பிறந்த சில நாட்களில் காதில் தங்கும் நீர்மம்கூட முடிவைப் பாதிக்கும். மறு சோதனையில் பலர் தேறிவிடுகின்றனர். மறு சோதனைக்கு வராமல் போவதே கவலைக்குரியது. தேறிய குழந்தைக்கும் பின்னாளில் குறைபாடு தோன்றக்கூடும் என்பதால், ஐயம் எழும்போதெல்லாம் மீண்டும் பரிசோதிக்கலாம்.

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்குதல் என்பது உலகளவில் பின்பற்றப்படும் இலக்கு. ஆறு மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகள் மொழித்திறனில் தெளிவாக முன்னிற்பதை அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

எங்கே செல்வது?

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு 1983-இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம், செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் உள்ளது. செவித்திறன் பரிசோதனை, செவிக்கருவி, பேச்சுப் பயிற்சி ஆகியவை இந்நிறுவனத்தின் பணிகளுள் அடங்கும். அதே பகுதியில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இயங்குகிறது. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2021 ஜூன் மாதம் நாட்டின் 14 இடங்களில் தொடங்கிய, அனைத்து வகைக் குறைபாடுகளுக்குமான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுள் செகந்திராபாத்தும் ஒன்று, சென்னையும் ஒன்று. ஹைதராபாத் கோட்டியில் அரசு காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையும் உள்ளது.

பிற ஊர்களில் உள்ளோர், 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களை அணுகலாம். இத்திட்டத்தின் பட்டியலில் பிறவிக் காது கேளாமையும் இடம்பெற்றுள்ளது. அங்கன்வாடிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினரிடமும் பெற்றோர் தங்கள் ஐயத்தைத் தெரிவிக்கலாம்.

கருவியா, சைகையா?

செவிக்கருவியால் போதிய பயன் பெறாத குழந்தைகளுக்கு, உட்காதில் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு மத்திய அரசின் அடிப் திட்டத்தின்கீழ் இதற்கு உதவி கிடைக்கிறது. மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தை பேசிவிடுவதில்லை. ஒலியைப் பிரித்தறியவும் பேசவும் தொடர்ச்சியான பயிற்சி தேவைப்படுகிறது.

இக்காலத்தில் சைகையும் கற்பிக்கலாமா என்பதில் நிபுணர்களிடையே விவாதம் நீடிக்கிறது. கேட்டல், பேச்சு ஆகியவற்றில் மட்டும் கவனம் செலுத்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, இளம் குழந்தைகளுக்குக் கேட்டல் வழியாகப் பேச்சு கற்பிக்கும் மரபைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஆன் கீர்ஸ் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, சைகை பயன்படுத்தாத குடும்பங்களின் குழந்தைகள் பேச்சில் முன்னிற்பதாகக் கூறியது. அந்த ஆய்வில் வெவ்வேறு வகைச் சைகை முறைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதாக மறுதரப்பினர் விமர்சித்தனர். காது கேளாத பெற்றோரிடம் பிறந்தது முதல் சைகை மொழி கற்று, பின்னர் இம்பிளான்ட் பெற்ற குழந்தைகள், காது கேட்கும் இருமொழிக் குழந்தைகளுக்கு இணையாகப் பேசியதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்த விவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சு முறையையே பின்பற்றத் தீர்மானித்தது. அதன் விளைவுகளுக்கு 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு வருத்தம் தெரிவித்தது. காது கேட்கும் குழந்தைக்குச் சைகை கற்பிப்பது பெருமைக்குரிய பயிற்சியாகவும், காது கேளாத குழந்தைக்கு அதே சைகை மறுக்கப்படுவது சிகிச்சையாகவும் கருதப்படுவது முரண் அல்லவா என்பது காது கேளாதோர் சமூகம் எழுப்பிவரும் கேள்வி.

பெற்றோரைப் பொறுத்தவரை நடைமுறை உண்மை ஒன்றே. இம்பிளான்டுக்கான பரிசோதனை, ஒப்புதல், அறுவை சிகிச்சை, பயிற்சி எனப் பல மாதங்கள் கடக்கும். அந்த மாதங்களிலும் குழந்தையின் மூளை மொழிக்காகக் காத்திருக்கிறது.

எந்தச் சைகையைக் கற்பிப்பது?

இணையத்தில் கிடைக்கும் குழந்தைச் சைகைக் காணொளிகளில் பல, அமெரிக்க சைகை மொழியைச் சார்ந்தவை. இந்திய சைகை மொழி அதிலிருந்து வேறுபட்டது. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. எடுத்துக்காட்டாக, யார், எங்கே போன்ற வினாச்சொற்கள் பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வருகின்றன. தமிழையோ இந்தியையோ கைகளால் பெயர்த்துக் காட்டும் முறையாக அதைக் கருதுவது தவறு. காது கேளாத குழந்தை நாளை பள்ளியிலும் சமூகத்திலும் சந்திக்கப்போவது இந்திய சைகை மொழியைத்தான் என்பதால், தொடக்கத்திலேயே அதைக் கற்பிப்பது பயன் தரும்.

டெல்லியில் 2015-இல் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களுடன் ஓர் அகராதியை வெளியிட்டது. 2019-இல் அது 6,000 சொற்களாகவும், 2021-இல் 10,000 சொற்களாகவும் விரிந்தது. அவற்றைக் காணொளியாகக் காட்டும் 'சைன் லேர்ன்' கைப்பேசிச் செயலி 2022 செப்டம்பர் 23 அன்று, சர்வதேச சைகை மொழிகள் தினத்தில் வெளியானது. 2020 தேசிய கல்விக் கொள்கை, நாடு முழுவதும் இந்திய சைகை மொழியைத் தரப்படுத்தப் பரிந்துரைத்துள்ளது. 2024 டிசம்பரில் பி.எம். இ-வித்யா திட்டத்தின்கீழ் 31-ஆம் எண் தொலைக்காட்சி அலைவரிசை இம்மொழிக்கென ஒதுக்கப்பட்டது. எனினும், செயலியில் சொற்களைக் கற்கலாம். மொழியை மனிதரிடமிருந்தே கற்க முடியும். காது கேளாத பெரியவர்களுடன் பழகும் வாய்ப்பு குழந்தைக்கும் பெற்றோருக்கும் பெரிதும் உதவும்.

வீட்டில் தொடங்குவது எப்படி?

ஆறு முதல் ஒன்பது மாத வயதில், அன்றாடம் தேவைப்படும் மூன்று, நான்கு சொற்களோடு தொடங்கலாம்: பால், இன்னும், போதும், தூக்கு. குழந்தை முகத்தைப் பார்க்கும் தருணத்தில், சொல்லையும் சைகையையும் சேர்த்தே தர வேண்டும். பால் கொடுக்கும்போதே பாலுக்கான சைகையைக் காட்டினால்தான் பொருள் விளங்கும். குழந்தை திருப்பிச் செய்ய வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகலாம். விரல்கள் சரியாக மடங்காவிட்டாலும், முயற்சிக்கு உடனே பதில் கிடைக்க வேண்டும். சைகை செய்தால்தான் பால் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. தாத்தா, பாட்டி, பராமரிப்பாளர் என அனைவரும் ஒரே சைகையைப் பயன்படுத்துவது நல்லது. கைப்பேசித் திரையில் குழந்தையை அமர்த்துவது இதற்கு மாற்றாகாது. கற்க வேண்டியவர் பெற்றோர், கற்பிக்க வேண்டியவரும் அவரே.

காது கேட்கும் குழந்தையின் வீட்டில் இந்தச் சைகைகள் சில மாதங்கள் இருந்து, சொற்கள் வந்ததும் மறைந்துவிடும். காது கேளாத குழந்தையின் வீட்டில் அவை வளர்ந்து ஒரு முழு மொழியாக வேண்டும். தங்கள் வீடு எந்த வகை என்பதைக் குழந்தை பேசத் தொடங்கும் வரை காத்திருந்து அறிய வேண்டியதில்லை. சில நிமிடங்களில் முடியும் செவிப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.